ஆறு கல், ஒரே விலை

ஸ்ரான்லி வீதியில் ஜப்பான் சாமான் விற்கிற நிமலறூபன்
பழைய சைக்கிள்களுக்கும் சோறு அவிக்கிற மெஷின்களுக்கும் நடுவிலிருந்து
ஒரு பெட்டியைக் காலால் தள்ளிவிட்டான்.
"சாணைக்கல் அக்கா. ஆறு. எல்லாம் ஒரே விலை."
கல்லுக்கு அவனிடம் இருந்த பெயர், கல்.

பாசையூர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவள் நான், எமல்டா.
இரண்டு கிழமையாய்ப் போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டுக்
கியோட்டோ மலைகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறேன்.
"இண்டைக்குக் கல், நாளைக்குக் காசு" என்றேன்.

கிணற்றடியில் ஊறப் போட்டேன்.
ஒன்று மட்டும் குமிழி குமிழியாய்,
நோன்பு முறித்தவள் மாதிரிக் குடித்தது.
உடம்பெல்லாம் கறள் வடிந்த கோடு.
அமகுசா, சந்தேகமில்லை.
வாய் மழுங்கிய கத்திக்கு ஐந்து நிமிஷம் உதவுவாள்,
நுணுக்கம் கேட்கக் கூடாது.

மற்றவை ஒரு மிடறோடு நிறுத்திக்கொண்டன.
விரல் முட்டியால் தட்டினேன்.
ஒன்று நிறைகுடம் போலத் தொம்மென்றது;
தேய்த்தால் சேறு, சேறு, முழங்கை வரைக்கும்,
முதல் மழை விழுந்த வெங்காயத் தோட்டத்தின் மணம்.
அஓதோ.
வேலை செய்வது சேறுதான், கல் வெறும் சாட்டு.

கன்னாதிட்டியில் பொன்னை உரைகல்லில் இழுப்பார்கள்,
கல் பொன்னைப் பற்றிச் சொல்லும்.
இங்கே தலைகீழ்,
இரும்பை இழுத்தால்தான் கல் வாய் திறக்கும்.
இரண்டு இரும்பு ஒட்டிய கத்தியின் மெல்லிய பக்கம்
மூச்சுப் பட்ட கண்ணாடியாய் மங்க வேண்டும்,
வாயோரம் மட்டும் ஒரு நூல் வெளிச்சம் நிற்க வேண்டும்.

ஒன்றில் நின்றது. அதன் முகத்தில் கறுப்புச் சிதறல்.
காகம் என்று அங்கே பெயராம்.
காகத்தை எனக்கா சொல்லித்தருகிறார்கள்!
ஆனாலும் சரிதான்,
மீன்குடலுக்கு இறங்கி, கலைத்ததும் எழும்பிய கூட்டம்
கல்லுக்குள் அப்படியே அகப்பட்டிருந்தது.
இன்னொன்றிலும் நின்றது. அது புள்ளி புள்ளியாய்.
பேரிக்காய்த் தோல் என்கிறார்கள்.
பேரிக்காயை நான் சுப்பர்மார்க்கற்றில் விலையோடு பார்த்ததுதான்,
எனக்கு அது கொய்யா.

வெள்ளையாய்ப் பெரிதாய் ஒன்று, ராசா மாதிரி.
கத்தியைப் போட்டால் வழுக்கியது, கடிக்கவேயில்லை.
யோசித்துவிட்டுத் தேசிக்காய்ப்புளி இரண்டு சொட்டு விட்டேன்.
சுர்ரென்று நுரைத்தது.
அட, எங்கட சுண்ணாம்புக்கல்!
கிணறு வெட்டினால் முதலில் வந்து நிற்கிற கல்,
நிமலறூபனின் கதவுக்கு முட்டாய் இருந்துவிட்டுப்
பெட்டியோடு சேர்ந்து ஜப்பானாகியிருக்கிறது.
கனநேரம் தனியே சிரித்தேன்.

மிச்சம் ஒன்று. சாம்பல்.
முத்திரை இல்லை. பக்கங்களை யாரோ அரக்குப் பூசி மூடியிருந்தார்கள்.
அந்தச் சத்தமும் அந்தச் சேற்றின் நிறமும்
நான் பார்த்த எதிலும் இல்லை.
நகயாமாவா, ஓசுகுவா, ஓஹிராவா,
ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை.

பொழுதுபடுகிற நேரம் சரித்துப் பிடித்தபோது
வெளிச்சம் பள்ளத்தில் தேங்கியது.
நடுவில் அல்ல, மூலைக்கு மூலை சாய்வாய்.
என் அண்ணன்மார் தேய்த்த கல்லெல்லாம் ஒரு பக்கம் சாயும்,
அதில் நான் தீட்டினால் கத்தி கோணும்,
"உன்ர கை பிழை" என்பார்கள்.
இது மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது.

இடக்கை.
ஆணா பெண்ணா, வெட்டியது மீனா மரமா, தெரியாது.
பள்ளத்தைச் சமப்படுத்திவிட்டுத்தான் பாவிக்க வேண்டும்,
எல்லா வீடியோவிலும் அதுதான் முதல் விதி.
என் இடக்கையால் கத்தியைச் சாய்த்து வைத்தேன்.
எங்கும் இடிக்கவில்லை.

விடியக் காசு கொண்டுபோனேன், ஐந்துக்கு மட்டும்.
வெள்ளையை மேசையில் வைத்தேன்:
"இதைக் கதவுக்கே வை."
"அப்ப மற்றதுகள் என்ன கல் அக்கா?"
நாலுக்குச் சொன்னேன்.
ஐந்தாவதைக் கேட்டான்.
"அது இன்னும் சமப்படுத்தேல்லை" என்றுவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.
அறக்குளா வந்திறங்குகிற நேரம்.